தொட்டால் உணரும் செயற்கைக் கை: மும்பை ஐஐடியில் தொடங்கிய நரம்புப் பொறியியல் பயணமும் ஒளிமரபியலும்

குர்லா (மும்பை): ரயில் நடைமேடையில் காகிதக் குவளையில் தேநீர் வாங்கிப் பிடிப்பது, கை உள்ளவர்களுக்கு எண்ணிப் பார்க்கவே தேவையில்லாத செயல். இறுக்கினால் குவளை நசுங்கும்; தளர்த்தினால் நழுவும். இரண்டுக்கும் இடைப்பட்ட அழுத்தத்தை விரல் நுனிகள் இடைவிடாமல் மூளைக்குத் தெரிவிக்கின்றன. கையை இழந்து செயற்கைக் கை பொருத்திக்கொண்டவருக்கு அந்தத் தகவல் வருவதில்லை. குவளையின் மீது வைத்த கண்ணை எடுக்காமல்தான் அவர் அதைப் பிடித்திருக்க வேண்டும்.

இந்தக் குறையைப் போக்குவதற்கான ஆய்வில் உலக அளவில் அறியப்பட்டவர்களில் ஒருவர், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் நிதீஷ் தாக்கோர். மும்பை பவாயில் உள்ள ஐஐடியில் 1974-ஆம் ஆண்டு மின் பொறியியலில் பட்டம் பெற்றவர். இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் கருவியில் தொடங்கிய அவரது ஆய்வு, பின்னர் மூளை, செயற்கைக் கை, தொடு உணர்வு என விரிந்து, நரம்புகளை ஒளியால் இயக்கும் ஒளிமரபியல் வரை சென்றுள்ளது. அந்தப் பயணத்தைப் பின்தொடர்ந்தால், நரம்புப் பொறியியல் என்னும் துறை என்ன செய்கிறது, இன்று எங்கே நிற்கிறது என்பது விளங்கும்.

குர்லாவில் இதன் தேவை

இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் தேதி, அன்றைய பம்பாய் விக்டோரியா முனையத்திலிருந்து குர்லாவுக்கு ஓடியது. மத்திய வழித்தடமும் துறைமுக வழித்தடமும் சந்திக்கும் குர்லா, இன்று நகரின் நெரிசல் மிகுந்த ரயில் நிலையங்களில் ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து வரும் விரைவு ரயில்கள் பல வந்து சேரும் லோக்மான்ய திலக் முனையமும் இப்பகுதியில்தான் உள்ளது. அருகிலுள்ள தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய இடங்களில் பல தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்ந்து வருகின்றனர்.

மும்பை புறநகர் ரயில் பாதைகளில், கொரோனா காலம் நீங்கலாக, ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்து வந்துள்ளனர். தண்டவாளத்தைக் கடக்கும்போதும், கூட்ட நெரிசலில் ஓடும் ரயிலிலிருந்து விழுந்தும் நேரும் இறப்புகள் இவற்றில் மிகுதி. உயிர் பிழைத்தவர்களில் சிலர் கையையோ காலையோ இழக்கின்றனர். அச்சு இயந்திரங்களும் உலோகத் தகடு வெட்டும் இயந்திரங்களும் இயங்கும் சிறு பட்டறைகளில் விரல்களையும் முன்கையையும் இழப்போரும் உண்டு.

காலை இழந்தவர்களுக்கு இந்தியா நல்ல விடை ஒன்றைக் கண்டது. 1960-களின் இறுதியில் உருவான ஜெய்ப்பூர் கால், குறைந்த செலவில் லட்சக்கணக்கானோரை மீண்டும் நடக்க வைத்தது. அதுபோன்ற எளிய விடை கைக்குக் கிடைக்கவில்லை. காலின் முதன்மைப் பணி உடல் எடையைத் தாங்கி அடியெடுத்து வைப்பது. கையோ பொத்தான் போடுகிறது, சோற்றைப் பிசைகிறது, சில்லறையை எண்ணுகிறது, இருட்டில் சாவித் துளையைத் தேடுகிறது. மனிதனின் ஓர் உள்ளங்கையிலும் விரல்களிலுமாகச் சுமார் 17,000 தொடு உணர்வு நரம்பிழைகள் உள்ளதாக ஆய்வுகள் மதிப்பிட்டுள்ளன. உணர்வு இல்லாத கை பாதிக் கைதான். செயற்கைக் கை பெற்றவர்களில் பலர் சில காலத்துக்குப் பின் அதைக் கழற்றி வைத்துவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதயத்தில் தொடங்கிய ஆய்வு

குர்லாவுக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில், பவாய் ஏரிக்கரையில் 1958-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது மும்பை ஐஐடி. அங்கு மின் பொறியியல் பயின்ற தாக்கோர், மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்று, 1981-ஆம் ஆண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். நுண்செயலிகள் அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தன. நோயாளி உடலில் அணிந்துகொண்டு நடமாடக்கூடிய, இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையைத் தானே கண்டறியக்கூடிய கருவியை உருவாக்குவது அவரது தொடக்கக்கால ஆய்வுகளில் ஒன்று.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும் அதில் ஒரு சிக்கல் இருந்தது. மார்பில் ஒட்டிய மின்முனை இதயத்தின் மின் அலையை மட்டும் பதிவு செய்வதில்லை. தசை அசைவு, மூச்சு, மின்முனையின் உராய்வு ஆகியவற்றால் எழும் இரைச்சலும் அதனுடன் கலந்து வருகிறது. தாக்கோர், தம் ஆசிரியர்களான ஜான் வெப்ஸ்டர், வில்லிஸ் டாம்ப்கின்ஸ் ஆகியோருடன் 1984-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, இதயத் துடிப்பின் கூர்முனையை மட்டும் பிரித்தெடுக்க 17 ஹெர்ட்ஸ் அலைவெண்ணை மையமாகக் கொண்ட வடிகட்டி மிகப் பொருத்தமானது எனக் காட்டியது. மருத்துவ மின்னணுவியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் கட்டுரை இது.

உடல் எழுப்பும் மிக மெல்லிய மின் அலையை இரைச்சலுக்கு நடுவிலிருந்து பிரித்துப் பொருள் காண்பது என்னும் இந்தப் பயிற்சியே அவரது பிற்கால ஆய்வுகள் அனைத்துக்கும் அடித்தளமாக அமைந்தது. 1983-ஆம் ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியில் சேர்ந்த பிறகு அவரது கவனம் மூளையின் பக்கம் திரும்பியது. மாரடைப்பால் இதயம் நின்று, பிறகு உயிர்ப்பிக்கப்பட்ட நோயாளியின் மூளை எந்த அளவுக்கு மீளும் என்பதை மூளை மின் அலைகளின் சிக்கல் தன்மையைக் கொண்டு அளக்கும் முறைகளை அவரது குழு உருவாக்கியது. உடலைக் குளிர்வித்து மூளையைக் காக்கும் சிகிச்சை எந்த அளவுக்குப் பயன் தருகிறது என்பதையும் அந்த அளவீட்டைக் கொண்டு விலங்குகளில் ஆராய்ந்தனர்.

மூளையின் கட்டளையைப் படித்தல்

கை துண்டிக்கப்பட்ட பின்னும் கைக்கான கட்டளைகள் மூளையில் பிறப்பது நிற்பதில்லை. விரலை மடக்க வேண்டும் என அவர் எண்ணும்போது, மூளையின் இயக்கப் புறணியில் உள்ள நரம்பணுக்கள் முன்போலவே மின் துடிப்புகளை எழுப்புகின்றன. அவை முதுகுத் தண்டு வழியாகக் கையின் எஞ்சிய பகுதி வரை வந்து, போக இடமின்றி நின்றுவிடுகின்றன. அந்தக் கட்டளையை இடையில் எங்கேனும் படித்து, செயற்கைக் கையின் மோட்டாருக்குத் தெரிவிப்பதே நரம்புப் பொறியியலின் முதல் பணி.

எளிய வழி, எஞ்சிய கையின் தோல் மீது மின்முனைகளை வைத்துத் தசைகளின் மின் அலையைப் படிப்பது. சந்தையில் உள்ள மின்னணுச் செயற்கைக் கைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இயங்குகின்றன. ஆனால் பழைய கருவிகளில் திறப்பது, மூடுவது என்னும் இரண்டு கட்டளைகளே உண்டு. ஐந்து விரல்களையும் தனித்தனியே அசைக்க, தசை அலைகளின் வடிவத்தைக் கணினி கற்றுக்கொள்ள வேண்டும். அல்லது மூளையிலிருந்தே நேரடியாகப் படிக்க வேண்டும்.

2006-ஆம் ஆண்டு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்பா அமைப்பு, செயற்கை உறுப்புகளை அடியோடு மாற்றியமைக்கும் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஜான்ஸ் ஹாப்கின்ஸின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகம் அதில், 26 வகை மூட்டு அசைவுகளும் நூற்றுக்கும் மேற்பட்ட உணரிகளும் கொண்ட இயந்திரக் கையை உருவாக்கியது. குரங்குகளின் மூளை அலைகளிலிருந்து எந்த விரல் அசையப்போகிறது என்பதைக் கண்டறியும் கணித முறைகளைத் தாக்கோரின் குழு வகுத்தது.

2016-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் அந்த முறை மனிதரிடம் சோதிக்கப்பட்டது. வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சைக்காக மூளையின் மேற்பரப்பில் 128 மின்முனைகள் கொண்ட மெல்லிய தகடு வைக்கப்பட்டிருந்த ஒருவர், தம் எண்ணத்தால் இயந்திரக் கையின் விரல்களைத் தனித்தனியே அசைத்தார். கணினி சரியான விரலை 76 விழுக்காடு முறை கண்டறிந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் இயல்பாகவே சேர்ந்து அசைபவை. அவ்விரண்டையும் ஒன்றாகக் கணக்கிட்டபோது துல்லியம் 88 விழுக்காடாக உயர்ந்தது.

உணர்வைத் திருப்பி அனுப்புதல்

கட்டளை போவது ஒரு வழி. உணர்வு வருவது மற்றொரு வழி. இந்த இரண்டாவது வழியைத் திறப்பதில் ஒரு வியப்பான உண்மை ஆய்வாளர்களுக்குத் துணை நின்றது. கையை இழந்தவர்களில் பெரும்பாலோர், அந்தக் கை இன்னும் இருப்பதாகவே உணர்கின்றனர். இல்லாத விரலில் அரிப்பும், இல்லாத உள்ளங்கையில் வலியும் அவர்களுக்கு ஏற்படுகின்றன.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் கலிபோர்னியாவில் ஆய்வு மேற்கொண்ட வி.எஸ்.ராமச்சந்திரன், 1990-களில் இந்த மாயக் கை உணர்வை விரிவாக ஆராய்ந்தார். கையை இழந்த சிலரின் கன்னத்தைத் தொட்டால், இல்லாத விரல்களில் அந்தத் தொடுதல் தெரிவதை அவர் கண்டறிந்தார். ஒரு பெட்டிக்குள் கண்ணாடியை வைத்து, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டி, சிலருக்கு மாயக் கையின் வலியைக் குறைக்கவும் செய்தார். கை போன பிறகும் கையின் வரைபடம் மூளையில் அழிவதில்லை என்பதை இத்தகைய ஆய்வுகள் உறுதி செய்தன.

தாக்கோரின் ஆய்வகம் அந்த வரைபடத்தைப் பயன்படுத்திக்கொண்டது. எஞ்சிய கையின் தோல் மீது மின்முனைகளை வைத்து, உள்ளிருக்கும் நரம்புகளுக்கு மெல்லிய மின் துடிப்புகளைச் செலுத்தினால், எந்த இடத்தில் வைத்தால் மாயக் கையின் எந்த விரலில் உணர்வு எழுகிறது என்பதைப் பொறுமையாகக் குறித்துக்கொள்ளலாம். இதற்கு அறுவை சிகிச்சை தேவையில்லை.

அடுத்த படியாக, துணியும் ரப்பரும் உணரிகளும் அடுக்கடுக்காக அமைந்த மின்னணுத் தோல் ஒன்றை அக்குழு உருவாக்கியது. லூக் ஆஸ்போர்ன் முதன்மை ஆசிரியராகவும் தாக்கோர் மூத்த ஆசிரியராகவும் இருந்த அந்த ஆய்வு, 2018-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சயின்ஸ் ரோபாட்டிக்ஸ் இதழில் வெளியானது. செயற்கைக் கையின் விரல் நுனிகளில் உறைபோல் போர்த்தப்படும் அந்தத் தோல், தொட்ட பொருள் உருண்டையானதா கூர்மையானதா என்பதைப் பிரித்தறிந்து, அதற்கேற்ற மின் துடிப்பை நரம்புக்கு அனுப்பியது. கூர்மையான பொருளைத் தொட்டபோது, சோதனையில் பங்கேற்றவர் மாயக் கையில் வலியை உணர்ந்தார். வெற்றுக் கூடாக இருந்த கையில் பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் உயிர் நிரம்பியது போல் இருந்தது என்று அவர் கூறியதாகப் பல்கலைக்கழகம் தெரிவித்தது.

வலியை எதற்காகத் திருப்பித் தர வேண்டும் என்ற கேள்வி எழலாம். வலி உடலின் காவலன். அடுப்பிலிருந்து கையை இழுக்க வைப்பதும், முள்ளை விட்டு விலகச் செய்வதும் அதுவே. கூர்மையான பொருளைத் தொட்டவுடன் தானாகவே அதை விட்டுவிடும் அனிச்சைச் செயலையும் ஆய்வாளர்கள் அந்த இயந்திரக் கைக்குக் கற்றுத் தந்தனர்.

2025-ஆம் ஆண்டு மார்ச் மாதம் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில், ஸ்ரீராமன சங்கர் முதன்மை ஆசிரியராகத் தாக்கோரின் குழு வெளியிட்ட ஆய்வு மேலும் ஒரு படி முன்னேறியது. உள்ளே கடினமான எலும்புக்கூடும், வெளியே மென்மையான விரல்களும், மூன்று அடுக்குத் தொடு உணரிகளும் கொண்ட அந்தக் கை, அன்றாடம் புழங்கும் 15 பொருள்களைச் சேதமின்றிக் கையாண்டது. பொருள்களைத் தொட்டு அடையாளம் காண்பதில் அதன் துல்லியம் 99.69 விழுக்காடு. தண்ணீர் நிறைந்த மெல்லிய பிளாஸ்டிக் குவளையை மூன்று விரல்களால் நசுக்காமல் தூக்கியது அதன் சோதனைகளில் ஒன்று என்பது குறிப்பிடத்தக்கது.

மின்சாரத்தின் எல்லை

இயந்திரக் கையின் உணரி இப்போது கூர்மையாகிவிட்டது. ஆனால் அந்த உணரி அறிந்ததை நரம்புக்குள் எப்படிக் கொண்டு சேர்ப்பது என்பதில்தான் தடை உள்ளது.

முன்கை வழியாகச் செல்லும் நடு நரம்பைக் குர்லா நிலையத்துடன் ஒப்பிடலாம். அங்கே விரைவு ரயில், மெதுவான ரயில், துறைமுக வழித்தட ரயில், சரக்கு ரயில் எனப் பல பாதைகள் அருகருகே ஓடுகின்றன. நரம்புக்குள்ளும் அப்படித்தான். மென்மையான தொடுதலைக் கொண்டு செல்லும் இழைகள், அழுத்தத்துக்கானவை, வலிக்கானவை, தசையை இயக்குபவை என ஆயிரக்கணக்கான இழைகள் ஒரே கட்டாக உள்ளன. வெளியிலிருந்து மின்சாரம் செலுத்துவது, ஒரு பகுதியின் மேல்நிலைக் கம்பிகள் அனைத்துக்கும் ஒரே நேரத்தில் மின்னூட்டுவது போன்றது. நமக்குத் தேவைப்படுவது ஒரு பாதையில் ஒரு ரயில். நகர்வதோ அருகிலுள்ள பாதைகளின் ரயில்களும்தான். அதனால் விரல் நுனியில் மென்மையாகத் தெரிய வேண்டிய தொடுதல், சிலருக்குக் கூச்சமாகவும் அதிர்வாகவும் உணரப்படுகிறது.

தசையை இயக்கும் இழைகளில் மற்றொரு சிக்கலும் உண்டு. இயற்கையில் மெல்லிய இழைகள் முதலில் செயல்படும். அவை விரைவில் சோர்வடையாத தசைநார்களை இயக்குபவை. கூடுதல் வலிமை தேவைப்படும்போதே தடித்த இழைகள் சேரும். மின்சாரமோ தடித்த இழைகளையே முதலில் தூண்டுகிறது. ஒழுங்கு தலைகீழாவதால் தசை விரைவில் களைத்துவிடுகிறது.

இதே எல்லை காதுக்கான கருவியிலும் தெரிகிறது. பிறவியிலேயே கேளாத குழந்தைகளுக்குப் பொருத்தப்படும் காக்ளியர் கருவி, நரம்புப் பொறியியலின் மிகப் பெரிய வெற்றி. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாக அதைப் பெற்றுப் பேசக் கற்ற குழந்தைகள் ஏராளம். ஆயினும் மின்சாரம் உட்செவித் திரவத்தில் பரவுவதால், அக்கருவி சுருதிகளை நுட்பமாகப் பிரித்துக் காட்ட இயலுவதில்லை. பேச்சு புரியும், இசை தெளிவாகக் கேட்பது கடினம்.

ஒளிமரபியல் என்றால் என்ன?

மூளையில் ஒரு வகை அணுக்களை மட்டும் இயக்கி, மற்றவற்றைத் தொடாமல் விடும் வழி வேண்டும் என, மரபணுவின் இரட்டைச் சுருள் வடிவத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக் 1979-ஆம் ஆண்டே எழுதினார். விடை குளத்துப் பாசியிலிருந்து வந்தது.

கிளாமிடோமோனஸ் என்னும் ஒற்றை அணுப் பச்சைப் பாசி, வெளிச்சத்தை உணர்ந்து நீந்தும் திறன் கொண்டது. அதற்கு உதவுவது, நீல ஒளி பட்டவுடன் திறக்கும் ஒரு புரத வாயில். சேனல்ரோடாப்சின் எனப்படும் அந்தப் புரதத்தின் இயல்பை ஜெர்மனி ஆய்வாளர்கள் 2002, 2003-ஆம் ஆண்டுகளில் விளக்கினர். 2005-ஆம் ஆண்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் கார்ல் டைசரோத், எட்வர்டு பாய்டன் ஆகியோர் ஜெர்மனி ஆய்வாளர்களுடன் இணைந்து, அந்தப் புரதத்துக்கான மரபணுவைப் பாலூட்டிகளின் நரம்பணுக்களில் செலுத்தினர். நீல ஒளியைப் பாய்ச்சியதும் வாயில் திறந்து, மின்னூட்டம் கொண்ட அயனிகள் உள்ளே பாய்ந்து, நரம்பணு துடித்தது. ஒளியை நிறுத்தியதும் துடிப்பும் நின்றது. இதுவே ஆப்டோஜெனெடிக்ஸ் எனப்படும் ஒளிமரபியல்.

எந்த வகை அணுவில் அந்த மரபணு செயல்பட வேண்டும் என்பதை முன்கூட்டியே வரையறுக்க முடியும் என்பதே இதன் ஆற்றல். ஒளி எல்லா அணுக்கள் மீதும் விழுந்தாலும், வாயில் உள்ள அணு மட்டுமே அதற்குச் செவிசாய்க்கும். குர்லா நிலைய ஒப்புமையில் சொன்னால், எல்லாப் பாதைகளுக்கும் பொதுவான மின்சாரத்துக்குப் பதிலாக, ஒரே பாதைக்கான பச்சை விளக்கை எரிய விடுவது போன்றது.

2010-ஆம் ஆண்டு ஸ்டான்போர்டு குழு ஒன்று, எலிகளின் கால் நரம்பை ஒளியால் தூண்டியபோது, தசை இழைகள் இயற்கையான ஒழுங்கில் செயல்படுவதைக் காட்டியது. 2024-ஆம் ஆண்டு, மலையேற்ற விபத்தில் இரு கால்களையும் இழந்தவரான ஹியூ ஹெர் வழிநடத்தும் எம்ஐடி குழு, எலிகளில் ஒளியால் இயக்கப்பட்ட தசைகள் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகச் சோர்வின்றி இயங்கியதையும், மின்சாரத்தால் இயக்கப்பட்டவை சுமார் 15 நிமிடங்களில் களைத்ததையும் பதிவு செய்தது.

உடலுக்குள் ஒளியைக் கொண்டு செல்வது எப்படி?

நீல ஒளி தசையையும் தோலையும் ஊடுருவி வெகுதூரம் செல்லாது. டார்ச் விளக்கை உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் மறுபக்கம் சிவப்பு மட்டுமே தெரிவதை எவரும் கண்டிருக்கலாம். நீலமும் பச்சையும் வழியிலேயே உறிஞ்சப்பட்டும் சிதறியும் போகின்றன. அதனால் ஆய்வகங்களில் விலங்குகளின் மூளைக்குள் மெல்லிய ஒளியிழையைச் செருக வேண்டியுள்ளது.

இதற்கு மாற்று வழி தேடிய இடங்களில் சிங்கப்பூர் ஒன்று. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அமைந்த சினாப்ஸ் என்னும் நரம்புத் தொழில்நுட்ப நிறுவனத்தின் இயக்குநராகவும் தாக்கோர் பணியாற்றினார். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திசுக்களில் ஆழமாக ஊடுருவும். அதை உள்ளே வாங்கி நீல ஒளியாக மாற்றி வெளியிடும் நுண்துகள்களை அப்பல்கலைக்கழக வேதியியலாளர் சியாவ்காங் லியுவின் குழு உருவாக்கி வந்தது. அத்தகைய துகள்களைப் பயன்படுத்தி, ஒளியிழையைச் செருகாமலேயே எலியின் மூளையின் ஆழ்ந்த பகுதியை இயக்க முடியும் என்பதை ஜப்பானின் ரிக்கென் நிறுவனமும் சிங்கப்பூர் ஆய்வாளர்களும் 2018-ஆம் ஆண்டு சயின்ஸ் இதழில் காட்டினர். ஒளிமரபியலுக்கு ஏற்ற இத்தகைய துகள்களின் வகைகளை விரிவாக்கும் ஆய்வுக் கட்டுரை ஒன்று 2019-ஆம் ஆண்டு அட்வான்ஸ்டு மெட்டீரியல்ஸ் இதழில் வெளியானது. அதன் ஆசிரியர் குழுவில் தாக்கோரும் இடம்பெற்றிருந்தார்.

மனிதர்களுக்கு எப்போது?

ஒளிமரபியல் மனிதரிடம் முதலில் பயன் தந்த உறுப்பு கண். ஒளி இயல்பாகவே உள்ளே செல்லும் உறுப்பு என்பதால் அது பொருத்தமான தொடக்கமாக அமைந்தது. விழித்திரை நோயால் பார்வையிழந்த 58 வயதுடைய ஒருவர், மரபணுச் சிகிச்சைக்குப் பின் சிறப்புக் கண்ணாடியின் துணையுடன் மேசை மீதிருந்த பொருள்களைக் கண்டறிந்து தொட முடிந்ததை, ஜோசே அலைன் சாஹெல், போட்டோண்ட் ரோஸ்கா ஆகியோர் தலைமையிலான குழு 2021-ஆம் ஆண்டு நேச்சர் மெடிசின் இதழில் வெளியிட்டது.

கை நரம்புக்கு இது வருவதற்கு இன்னும் தடைகள் உள்ளன. பாசியின் மரபணுவை நரம்பணுவுக்குள் கொண்டு செல்ல, தீங்கு விளைவிக்காதபடி மாற்றப்பட்ட நச்சுயிரி தேவை. அந்நியப் புரதத்தை உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தாக்கக்கூடும். ஒருமுறை செலுத்தப்பட்ட மரபணுவை எளிதில் திரும்பப் பெற முடியாது. உயிருக்கு ஆபத்தில்லாத குறைபாடு ஒன்றுக்காக இத்தகைய சிகிச்சையை ஏற்பது குறித்து மருத்துவ அறநெறிக் குழுக்கள் மிகக் கவனமாகவே முடிவெடுக்கும். ஆகவே, தோலின் மேலிருந்து மின் துடிப்பால் உணர்வைத் தரும் இன்றைய முறை அடுத்த சில ஆண்டுகளுக்குத் தொடரும் என்றே கருத வேண்டும்.

இந்தியாவுக்கு மரபணுச் சிகிச்சை எட்டாக் கனி அல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், ரத்தம் உறையாமை நோயுள்ள ஐவருக்கு மரபணுச் சிகிச்சை அளித்த முடிவுகள் 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாயின. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பெங்களூரு மையத்தில், நரம்பணு ஆய்வுகளுக்கு ஒளிமரபியல் கருவிகள் பயன்படுத்தப்படுகின்றன.

எளியவருக்கு எட்டுமா?

கையை இழந்தவருக்கு இன்று மற்றொரு வழியும் உண்டு. 2015-ஆம் ஆண்டு ஜனவரியில் கொச்சி அமிர்தா மருத்துவமனையில் இந்தியாவின் முதல் இரட்டைக் கை மாற்று அறுவை சிகிச்சை நடைபெற்றது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில், சென்னையில் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கைகள் விமானத்தில் மும்பைக்குக் கொண்டுவரப்பட்டு, ரயில் விபத்தில் இரு கைகளையும் இழந்த இளம்பெண் ஒருவருக்குப் பொருத்தப்பட்டன. மாற்றுக் கையில் நரம்புகள் மெல்ல வளர்ந்து உணர்வு திரும்பும். ஆனால் கொடையாளர்கள் மிகக் குறைவு. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும்.

எனவே பெரும்பாலோருக்குச் செயற்கைக் கையே கதி. அதில் விலைதான் முதல் தடை. வெளிநாட்டு மின்னணுக் கைகளின் விலை பல லட்சம் ரூபாய். பட்டறைத் தொழிலாளியோ, தள்ளுவண்டி வியாபாரியோ அதை எண்ணிப் பார்க்க இயலாது. மும்பை ஹாஜி அலி பகுதியில் 1955-ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் அகில இந்திய மறுவாழ்வு மருத்துவ நிறுவனம் போன்ற அரசு மையங்களே எளியவர்களின் புகலிடம். சென்னை ஐஐடி 2022-ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய கடம் என்னும் செயற்கை முழங்கால், உயர்ந்த பொறியியலை இந்திய விலைக்குக் கொண்டுவர முடியும் என்பதற்குச் சான்று. தொடுதலை அதிர்வாக உணர்த்தும் செயற்கைக் கைகளை உருவாக்கும் முயற்சியில் இந்தியப் புத்தொழில் நிறுவனங்களும் இறங்கியுள்ளன.

பவாயிலிருந்து பால்டிமோர் வரை நீண்ட ஐம்பது ஆண்டு ஆய்வுப் பயணம் உணர்த்துவது இதுதான்: உடலின் மின் அலையைக் கேட்கக் கற்றதோடு பணி முடிவதில்லை, உடல் புரிந்துகொள்ளும் மொழியில் அதற்கு மறுமொழி சொல்லவும் வேண்டும். கேட்பதில் பொறியியல் வெகுதூரம் வந்துவிட்டது. மறுமொழி சொல்வதில் மின்சாரம் தொடக்கத்தைத் தந்தது. துல்லியத்தை ஒளி தரக்கூடும். அந்தத் துல்லியம் ஆய்வகத்தைக் கடந்து, காப்பீட்டுத் திட்டத்தின் பட்டியலையும் அரசு மறுவாழ்வு மையத்தின் அலமாரியையும் வந்தடையும் நாளில்தான், குர்லா நடைமேடையில் செயற்கைக் கையுடன் நிற்பவர் தேநீர்க் குவளையைப் பாராமலேயே பிடித்துக்கொண்டு, வரும் ரயிலை நிமிர்ந்து பார்க்க முடியும்.